பாம்புப் பெட்டிக்கு ஒரு பூட்டு

மகனே,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு வாய் வரவில்லை. அதனால் அளவில் ஆரம்பிக்கிறேன். நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். முன்பக்கம் ஐந்து எம்.எம். கண்ணாடி இரண்டு, ஒன்றுக்குப் பின்னால் ஒன்று ஓடுகிற மாதிரி. மற்ற பக்கமெல்லாம் ஷீட். காற்றுக்கு இரண்டு ஓரத்திலும் பொடி வலை. நீ போனில் சொன்ன அளவில் ஒரு நூல்கூட மாறவில்லை. கல்யாணமாகி நாலு வருஷம் என்னோடு ஒரே வீட்டில் இருந்தாய். காலையில் மெட்ராஸ் ரயிலுக்கு ஓடினாய், பொழுது சாய்ந்து திரும்பினாய், நீயாக என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. போன மாதம் அம்பத்தூருக்குக் குடிபோன பிறகுதான் முதல் தடவையாகக் கேட்டாய். "நைனா, பாம்புக்கு ஒரு பொட்டி வோணும். நாலுக்கு ரெண்டுக்கு ரெண்டு" என்றாய். நான் "ஆங்" என்றேன். வைத்துவிட்டாய். உன் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து யார் என்று கேட்டாள். கஸ்டமர் என்று சொன்னேன்.

பெட்டி ஞாயிற்றுக்கிழமை டெம்போவில் வரும். இந்தக் கடிதம் அதற்கு முன்னால் உன் கைக்கு வந்தாக வேண்டும், அதனால் கூரியரில் போடுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் எதைச் சொன்னாலும் நீ "சரி நைனா" என்று சொல்லிவிடுவாய். உன்னிடம் எனக்குப் பிடிக்காத ஒன்றே ஒன்று அந்த "சரி நைனா"தான். வீட்டுக்குத் தீ வைக்கிறேன் என்று சொன்னாலும் தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்து "சரி நைனா" என்பாய். அப்படி உன்னை வளர்த்தது யார் என்று கேட்காதே, எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், முப்பது வயதைத் தாண்டியவன் அப்பன் வளர்ப்பையே சாக்காகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

முதலில் பெட்டி விஷயத்தை முடித்துவிடுகிறேன். வந்ததும் பாம்பை உள்ளே விடாதே. சந்துகளில் சிலிக்கான் அடித்திருக்கிறேன், அந்தப் புளித்த நெடி போக ஒரு வாரமாவது கண்ணாடியைத் திறந்து போட்டு வை. நெடி போய்விட்டதா என்று மூக்கை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுத்தான் விட வேண்டும். கீழே தேங்காய் நார்த் துகளை மூன்று விரல் உயரத்துக்குப் பரப்பு. சூடு தரும் பலகையை ஒரு பக்கத்துக்கு மட்டும் கொடு, மறுபக்கம் குளிர்ச்சியாகவே இருக்கட்டும். இரண்டு பக்கமும் சூடு காட்டுகிற மீட்டர் வை. சூட்டைக் கட்டுப்படுத்துகிற அந்தச் சின்ன டப்பா இல்லாமல் பலகையைக் கரண்டில் செருகாதே, நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் பாம்பு வெந்துவிடும். தண்ணீர்ச் சட்டி கனமாக இருக்கட்டும், புரட்டிப் போடாத மாதிரி. ஒளிந்துகொள்ள இரண்டு இடம் வேண்டும், சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. ஒன்று மட்டும் வைத்தால், ஒளிய வேண்டுமானால் வேக வேண்டும் அல்லது விறைக்க வேண்டும் என்று ஆகிவிடும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீ யோசிப்பாய். நீ ஐந்து வருஷத்துக்கு முன்னால் சொன்னதுதான். அப்போது நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

அந்த முதல் பெட்டி உனக்கு நினைவிருக்கும். கடையில் ஜன்னலுக்கு அறுத்து மிஞ்சிய அலுமினியச் செக்‌ஷனில் செய்து கொடுத்தேன். நீ ஆசையாகக் கேட்டதால் செய்தேன் என்று ஊரெல்லாம் நினைத்தார்கள். உண்மையில் நீ வெளியே யாரிடமாவது செய்யக் கொடுத்தால் என் கடைக்குக் கேவலம் என்று செய்தேன். ஓடுகிற கண்ணாடிக்குப் பூட்டு வேண்டும் என்று நீ கேட்டாய். கடைகளில் ஷோகேஸுக்குப் போடுவோமே, பல் வைத்த பட்டையில் ஏறி உட்காரும் சின்னப் பூட்டு, அது. "இன்னாடா, நகக் கடையா வெச்சிகினு கீற? உன் பாம்ப எவன் திருடிகினு போப் போறான்?" என்று ஆள்களுக்கு முன்னால் கேட்டேன். வெல்டர் சிரித்தான். நீயும் சிரித்தாய். பாம்பு உள்ளேயிருந்து மூக்கால் கண்ணாடியைத் தள்ளும் நைனா, அதற்குத்தான் என்று மெதுவாகச் சொன்னாய். பூட்டு என் மேஜை இழுப்பறையில் இரண்டு டஜன் கிடந்தது. ஒன்றை எடுத்து மாட்ட ஐந்து நிமிஷம் ஆகாது. மாட்டவில்லை. நீ கடைசியில் சாரத்து மரத்திலிருந்து விரல் நீளத் துண்டு ஒன்றைச் சீவி, கண்ணாடி நகராதபடி அது ஓடுகிற ட்ராக்கில் செருகி வைத்தாய். நாள்தோறும் வேலைக்குப் போகும்முன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவாய்.

பாம்பு வந்த நாளில் உன் அம்மா வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். இது நம் நாட்டுப் பாம்பு இல்லை, ஆப்பிரிக்கா மலைப்பாம்பில் குட்டை ரகம், விஷம் கிடையாது, அரசாங்கத்தில் பதிவு பண்ணியிருக்கிறேன் என்று காகிதத்தைக் காட்டினாய். அவள் காகிதத்துக்குக் குங்குமம் வைத்தாள். அதற்கு எலி போடுகிற நாளை முடிவு செய்ய நம் வீட்டில் நடந்த பஞ்சாயத்தை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. செவ்வாய் முருகனுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு, நடுவில் கிருத்திகை வந்தால் அதுவும் கூடாது. ஐஸில் உறைந்த எலியை நீ வெந்நீரில் போட்டு இளக்கிக்கொண்டு நிற்பாய், அவள் காலண்டரைப் பார்த்துவிட்டு "இன்னிக்கி கிருத்திகடா, உன் பாம்பும் வெரதம் இருக்கட்டும்" என்பாள். அதுவும் இருந்தது. அது பத்து நாளுக்கு ஒரு தடவை தின்றால் போதும் என்கிற ஜீவன், யாருக்கும் தொந்தரவு கிடையாது. சாயங்காலம் நீ அதை வெளியே எடுத்துக் கையில் விட்டுக்கொள்வாய். அதன் தாடைக்குக் கீழே உன் உள்ளங்கையைக் கொடுப்பாய். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, இதற்குப் பயம் வந்தால் கடிக்காது நைனா, தலையை நடுவில் வைத்துப் பந்து மாதிரி சுருண்டுவிடும், அவ்வளவுதான் என்று காட்டினாய். நான் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன் என்பதை மறந்துவிடாதே, பின்னால் வரும்.

எனக்கு அந்தப் பாம்பின்மேல் பொறாமை. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். நீ அதோடு பேசிய குரலில் என்னோடு பேசியதில்லை. பேசியிருக்க நியாயமும் இல்லை. உனக்குப் பத்து வயதில், கடைக்குப் பின்னால் அடுக்கியிருந்த கண்ணாடிக்கு நடுவில் ஒரு சாரை புகுந்தது. நான் அடித்தேன். நீ விடு நைனா, விடு நைனா என்று அழுதாய். ஆம்பிள்ளைப் பிள்ளை பாம்புக்கு அழுவதா என்று, அதை ஒரு கம்பில் போட்டு உன் தோளில் கொடுத்து, கடைத்தெரு முழுக்க நடக்க வைத்தேன். பயம் தெளியட்டும் என்று எல்லோரிடமும் சொன்னேன். நீ பழக்கடை முன்னால் வாந்தி எடுத்தாய். அப்போதும் கம்பைக் கீழே போடவில்லை, நான் போடச் சொல்லவில்லை என்பதால். அன்றைக்கே உனக்கு என்னிடம் எதுவும் எதிர்த்துச் சொல்ல வராது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. தெரிந்த பிறகு நான் கொஞ்சம் தணிந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக எனக்கு அது வசதியாகப் போய்விட்டது.

இனி பெண் பார்த்த நாள். ஆர்.கே.பேட்டையிலிருந்து சங்கீதா வீட்டார் வேன் வைத்து வந்தார்கள். மலைமேல் முருகன் கோயிலில் நீங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தீர்கள், அவளும் தலையாட்டினாள், நீயும் தலையாட்டினாய், எல்லோருமாக நம் வீட்டைப் பார்க்க இறங்கி வந்தார்கள். அதற்கு முந்தின நாள்தான் நமக்குள் பேச்சு நடந்தது. நீ பாம்பு விஷயத்தைப் பெண்ணிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றாய். நான், கல்யாணம் முடியட்டும், அப்புறம் எந்தக் கண்றாவியையும் சொல்லிக்கொள் என்றேன். வழக்கம்போல "சரி நைனா" என்றாய். காலையில் நீ குளித்துக்கொண்டிருந்தபோது நானும் வெல்டரும் பெட்டியைத் தூக்கிப் பின்னறையில் கொண்டுபோய் வைத்து, மேலே ஒரு பட்டுத் துண்டைப் போர்த்தினோம். தூக்கும்போது அந்த மரத்துண்டு கழன்று தரையில் விழுந்தது. பார்த்தேன். குனிந்து எடுத்தேன். வாசற்கதவு காற்றில் சாத்திக்கொண்டே இருந்தது, வருகிறவர்கள் முகத்தில் அடிக்கக்கூடாதே என்று அந்தத் துண்டைக் கதவுக்கு அடியில் கொடுத்தேன். ட்ராக்கில் செருக வேறு எதையாவது தேடியிருக்கலாம். ஒரு சாவிக்கொத்து போதும், ஒரு பென்சில் போதும். தேடவில்லை.

வந்தவர்களுக்கு வீடு பிடித்துவிட்டது. பேச்சு முடிகிற வரைக்கும் கை நனைக்க மாட்டோம் என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தவர்கள், இலை போடச் சொன்னார்கள். இன்றைக்கே நல்ல நேரம், தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று பெண்ணின் தாய்மாமன் சொன்னார். வெற்றிலை பாக்கும் பூவும் பழமும் தேங்காயும் வாங்கிவர நான்தான் உன்னைக் கடைத்தெருவுக்கு அனுப்பினேன். நீ பைக்கை எடுத்துக்கொண்டு போனாய். உன் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. நீ போய்ப் பத்து நிமிஷம் இருக்கும். உன் அம்மாவும் மற்றப் பெண்களும் சமையலறையில், மற்ற ஆண்கள் வெளியே வேனுக்குப் பக்கத்தில். கூடத்தில் நான், தாய்மாமன், அவருக்குப் பக்கத்தில் நின்றிருந்த சங்கீதா, இவ்வளவு பேர்தான். பின்னறை வாசலைத் தாண்டி அது வந்தது. அவசரமே இல்லாமல், தன் வீட்டில் நடக்கிற மாதிரி வந்தது. உன்னைத் தேடி வந்தது என்று சொல்லி உன்னை அழவைக்க மாட்டேன், பாம்பு யாரையும் தேடாது என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

சங்கீதா கத்தினாள். மாமன் நாற்காலியின்மேல் ஏறி, அது சரிந்து, தடாலென்று தரையில் குதித்தார். பாம்புக்குக் காது கிடையாது, தரை அதிர்ந்தால்தான் தெரியும் என்பாயே, அந்த அதிர்வில் அது பயந்துவிட்டது. என் காலிலிருந்து மூன்றடி தூரத்தில் தலையை நடுவில் வைத்துச் சுருண்டது. பந்து. நீ எனக்குக் காட்டிய அதே பந்து. அது கடிக்காது என்று அந்தக் கூடத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். "இன்னா பாவா, ஊட்டுக்குள்ள மலப்பாம்பு வந்துகீது!" என்று, அதற்குள் என்னைச் சம்பந்தி முறையில் பாவா ஆக்கிக்கொண்டுவிட்ட மாமன் கூவினார். எங்கள் பையன் வளர்க்கிறது, ஒன்றும் பண்ணாது என்று நான் சொல்லியிருந்தால் அந்த இடத்தில் முடிந்திருக்கும். கல்யாணம் நின்றிருக்கலாம், நிற்காமலும் போயிருக்கலாம். நான் சொன்னது வேறு. "மலையிலேர்ந்து எறங்கி வந்துகீது போல. இங்கல்லாம் சகஜம்" என்றேன். சொல்லிக்கொண்டே கதவோரம் சாத்தியிருந்த ஜன்னல் செக்‌ஷனை எடுத்தேன்.

முதல் அடி மாமன் அடித்தது இல்லை. நான் அடித்தது. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நாலு வருஷமாக நீ மாமன்தான் அடித்தார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய், நானும் நினைக்க விட்டேன். அலுமினியம் லேசானது, என் அடியில் அது சாகவில்லை. செக்‌ஷன்தான் வளைந்தது. அது சீறவில்லை, ஓடவில்லை, இன்னும் இறுக்கிச் சுருண்டுகொண்டது. இரண்டாவது அடியும் அடித்தேன். பயத்தில் அடித்தேன் என்று நீ எனக்காக ஒரு காரணம் தேடாதே. எனக்கு அதனிடம் துளியும் பயம் இல்லை. வந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்கிற பயம் பாதி. மீதி, உன் உள்ளங்கை அதன் தாடைக்குக் கீழே இருந்ததே, அது. மூன்றாவதாகத்தான் மாமன் கொல்லைப்புறத்துக் கடப்பாறையை எடுத்து வந்து முடித்தார். முடித்துவிட்டு, என் தோளைத் தட்டி, "தெகிரியமான ஆளு பாவா நீ" என்றார். அந்தப் பாராட்டை நான் சிரித்துக்கொண்டு வாங்கிக்கொண்டேன். கத்தல் கேட்டு ஓடிவந்த உன் அம்மா சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அப்புறம் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "சாமி பாத்துட்டு வந்த கையோட பாம்ப அட்ச்சிட்டோம். மயில் காலாண்ட கீற பாம்பு அது. மொறையா தகனம் பண்ணிடலாம், இல்லன்னா பொண்ணு மாப்ளைக்கி தோஷம் புட்ச்சிக்கும்" என்றார். நல்ல பாம்புக்குச் செய்கிற மாதிரி, வாயில் ஒரு காசு வைத்து, பால் ஊற்றி, கொல்லையில் எரிக்கத் தென்னை மட்டையை அடுக்கினார்கள். வாயைத் திறந்து காசு வைத்தது நான். அந்த நேரம் நீ பையோடு பின்பக்கமாக வந்தாய். மாமன் உன்னைப் பார்த்துவிட்டு, "வா மாப்ள, நல்ல நேரத்துக்கு வந்த. பூ வாங்கியாந்தியா? கொடு கொடு" என்று பையிலிருந்து பூவை உருவினார். உன் நிச்சயத்துக்கு நீ வாங்கிய மல்லிகை. அதை மட்டையின்மேல் போட்டார். தேங்காயை உடைத்தார். சூடம் வேண்டும் என்றார், அதுவும் உன் பையில் இருந்தது. நீ அதைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். "கும்புடு" என்றேன் நான். நீ பழப்பையைக் கீழே வைத்துவிட்டு, "சரி நைனா" என்று கையெடுத்துக் கும்பிட்டாய்.

அன்றைக்கு நீ கும்பிட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை. என்னை நான் மன்னிக்காதது வேறு கதை. நீ அந்தப் பழத்தை என் முகத்தில் எறிந்திருக்க வேண்டும். இது என் பாம்பு என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தியிருக்க வேண்டும். கத்தியிருந்தால் நான் உன்னை அடித்திருப்பேன், ஆனால் அன்றிலிருந்து உன்னை ஒரு மனிதனாக மதித்திருப்பேன். நீ கும்பிட்டாய். தட்டுக்கு வேறு பூ வாங்கிவா என்று மறுபடி அனுப்பினேன், மறுபடியும் போனாய். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு உன் அம்மா எனக்குச் சோறு போட்டாள். தட்டின் ஓரத்தில், ஊறுகாய் வைக்கிற இடத்தில், அந்த மரத்துண்டை வைத்தாள். கதவுக்கு அடியிலிருந்து எடுத்துக் கழுவி வைத்திருந்தாள். நான் அதை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டேன். பாம்பு செத்துவிட்டது என்று அரசாங்கத்துக்கு எழுதிப் போட வேண்டும் என்று நீ மறுநாள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தாய். என்ன காரணம் எழுதினாய் என்று நான் கேட்கவில்லை.

காலிப் பெட்டியை நான் கடைக்கு எடுத்துப் போனது உனக்குத் தெரியும். கைப்பிடி, கீல், தாழ்ப்பாள் மாதிரிகளை அதில் அடுக்கி வைத்தேன். ஒரு வாரத்தில் இரண்டு கைப்பிடி காணாமல் போயிற்று. உடனே அதற்கு ஒரு பூட்டு மாட்டினேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மாட்டும்போது நீ கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாய், எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாய். பார்த்தாய், டிபன் கேரியரை மேஜைமேல் வைத்தாய், போய்விட்டாய்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கே தாங்காத பகுதி. சங்கீதாவுக்கு அந்தக் கதை ரொம்பப் பிடித்துப்போயிற்று. கல்யாண வீடு, காதுகுத்து, வளைகாப்பு, எங்கே நாலு பேர் கூடினாலும் "எங்க வூட்டுக்காரர பாக்கப் போன அன்னிக்கி இன்னா ஆச்சி தெரியுமா" என்று ஆரம்பிப்பாள். மாமன் நாற்காலியிலிருந்து விழுந்ததை நடித்துக் காட்டுவாள். பாம்பு சுருண்டதைப் புடவைத் தலைப்பைச் சுருட்டிக் காட்டுவாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நீ பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய். உன் கண் புடவைத் தலைப்பிலேயே இருக்கும். அவள்மேல் தப்பில்லை, அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நிறுத்தம்மா என்று ஒரு வார்த்தை சொல்ல நாலு வருஷத்தில் எனக்கு எத்தனையோ சந்தர்ப்பம் இருந்தது. ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஒருமுறை, ஆடிக் கிருத்திகைக்கு வந்த சொந்தக்காரர்கள் முன்னால், அவள் ஏதோ மறந்துவிட்டாள் என்று நான் எடுத்துக்கூடக் கொடுத்தேன். "காசு வெச்சத சொல்லு" என்றேன்.

போன வாரம் அவள் எனக்குப் போன் செய்தாள். அம்பத்தூர் வீட்டில் நீ எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய் என்றாள். நான் எதிர்பார்க்கவில்லை. கடைசியில் உனக்கும் வாய் திறந்திருக்கிறது, என் காது எட்டாத இடத்துக்குப் போன பிறகு. அவள் அழுதுகொண்டே பேசினாள். "நாலு வருஷமா அந்தக் கதைய சொல்லிச் சொல்லி சிரிச்சிகினு இருந்தேன் மாமா. அவுரு பக்கத்துலயே ஒக்காந்துகினு இருந்தாரு. ஒரு வார்த்த சொல்லல" என்றாள். வேறு பாம்பு வாங்கலாம் என்று உன்னிடம் சொன்னதே அவள்தான் என்றும் சொன்னாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மொத அடி நீங்க அட்ச்சத நான் பாத்தேன். எங்க மாமாவ பெருமையா சொல்றதுக்காக உங்கள உட்டுட்டு சொல்லிகினு இருந்தேன். அவுருக்கு இன்னும் தெரியாது. பொட்டி வர்றதுக்குள்ள நீங்களே சொல்லிடுங்க மாமா. இல்லன்னா நான் சொல்லிடுவேன்" என்றாள். நான் "ஆங்" என்றேன். உன்னைவிட அவளுக்கு முதுகெலும்பு இருக்கிறது. அவளைக் கட்டியது நீ செய்த ஒரே நல்ல காரியம், அதையும் நீ நினைத்துச் செய்யவில்லை.

ஆக, அவள் மிரட்டியதால் எழுதுகிறேன். மனசு உறுத்தி எழுதினேன் என்று பொய் சொல்லி நல்ல பேர் வாங்கப் பார்க்கவில்லை. உறுத்தல் இருந்தது, ஆனால் அது நாலு வருஷம் சும்மாத்தான் இருந்தது. மன்னிப்பு என்கிற வார்த்தையை இரண்டு தடவை எழுதி அடித்திருக்கிறேன், தாளைத் திருப்பிப் பார்த்தால் பேனா அழுத்திய தடம் தெரியும். நீ இதைப் படித்துவிட்டு என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் உன்னைப் பற்றி எனக்குத் தெரியாமல் இருப்பது இதுதான் முதல் தடவை. நான் விஷயத்தைச் சொன்னதிலிருந்து உன் அம்மா நாலு நாளாக வாசல்பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறாள், பிள்ளை இனி வருவானா மாட்டானா என்று. எனக்கு அந்தத் தைரியமும் இல்லை. நீ என்னை உன் வீட்டு வாசலில் ஏற்றக்கூடாது என்று நினைத்தால், அதை என்னிடம் வாயைத் திறந்து சொல். போன் எடுத்து, "வராத நைனா" என்று சொல். அந்த ஒரு வார்த்தையை உன் வாயிலிருந்து கேட்டால் எனக்கு வலிக்கும், கேட்க ஆசையாகவும் இருக்கிறது. தயவுசெய்து "சரி நைனா" என்று மட்டும் சொல்லிவிடாதே.

பெட்டியைப் பற்றி ஒன்றே ஒன்று பாக்கி இருக்கிறது. இந்தத் தடவை பூட்டு மாட்டியிருக்கிறேன். பட்டையைப் பின் கண்ணாடியில் மாட்டி, முன் கண்ணாடியோடு சேர்த்து இறுக்கியிருக்கிறேன். கடையில் ஒரு இரவு முழுக்க உள்ளே ஐந்து கிலோ எடைக்கல்லைக் கண்ணாடிமேல் சாய்த்து வைத்துப் பார்த்தேன், நூல் அளவு நகரவில்லை. மூக்கால் தள்ளுகிற எந்தப் பாம்பாலும் திறக்க முடியாது. ஆனால் கண்ணாடியை உள்ளேயிருந்து தள்ளுகிற பாம்புக்காக மட்டும் இதை நான் மாட்டவில்லை. இந்த மாதிரிப் பூட்டுக்கு இரண்டு சாவி வரும், ஒன்றைக் கடையில் வைத்துக்கொள்வது என் வழக்கம். இதற்கு வைத்துக்கொள்ளவில்லை. இரண்டையும் இந்தக் கவரிலேயே வைத்து ஒட்டியிருக்கிறேன். ஒருவேளை நான் உன் வீட்டுக்கு வருகிற நாள் ஒன்று வந்தால், அழைப்பு மணி கேட்டதும் ஓடிவந்து திறந்துவிடாதே. நான் நிற்கிறேன், அவசரமில்லை. முதலில் போய்ப் பெட்டியைப் பூட்டு. இழுத்துப் பார். இரண்டு சாவியையும் உன் சட்டைப்பையில் போட்டுக்கொள். அதற்குப் பிறகு எனக்குக் கதவைத் திற.

இப்படிக்கு,
உன் நைனா